அவுட்ஃப்ளோ அலர்ட்டை நம்பி 1,850 யுஎஸ்டிடி போச்சு. காசு கட்டும் முன் படிங்க

மூணு நாளாச்சு, கோபம் ஆறல. போனது 1,850 யுஎஸ்டிடி (ஒண்ணு சுமார் ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காயின்). அதில் 600 ஒரு வருட சந்தா, 1,250 அவங்க அலர்ட்டை நம்பிப் போட்ட டிரேட். பெயர் சொல்லல. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்குள் எவ்வளவு காயின் வருது, எவ்வளவு வெளியே போகுதுன்னு (அதுதான் அவுட்ஃப்ளோ) கண்காணிச்சு அலர்ட் விற்கும் ஒரு கட்டணத் தளம்.

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தும் முன் அதன் வாலட்டுகள் வற்றிய சார்ட்டைக் காட்டினாங்க. அங்கேதான் விழுந்தேன். அது பிளாக்செயினில் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கு, நடந்து முடிஞ்சபின் வரைஞ்ச படம்னு அப்போ உறைக்கல. இருந்தும் ஒரு கேள்வி கேட்டேன்: "எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த வாலட்டுகளுக்குள்ளே மாத்துறதைக் கழிச்சிடுவீங்களா?" இரண்டே நிமிஷத்தில் பதில்: "நூறு சதவீதம் கழிச்சிடுவோம், நம்பிக்கையா இருங்க." உடனே பணம் கட்டிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அலர்ட்: 12,000 பிட்காயின் வெளியே போயிடுச்சு, வாங்கி வைக்கிறாங்க, விலை ஏறும். 25 மடங்கு லீவரேஜில் (கடன் வாங்கிப் பெருக்கிய தொகையில்) லாங், அதாவது விலை ஏறும்னு டிரேட் போட்டேன். விலை 4 சதவீதம் இறங்குறதுக்குள்ளே லிக்விடேட்: டிரேட்டை எக்ஸ்சேஞ்சே மூடிடுச்சு, போட்ட பணம் போச்சு.

பிறகுதான் பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளம்) உட்கார்ந்து பார்த்தேன். அந்த 12,000 போன முகவரியிலிருந்தே சில்லறை சில்லறையா அதே எக்ஸ்சேஞ்சின் வித்டிராயல் வாலட்டுக்குத் திரும்பி வருது. அது அந்த எக்ஸ்சேஞ்சோட புது கோல்ட் வாலட் (இணையத்தோடு இணைக்காத சேமிப்பு வாலட்)! ஒரு காயின்கூட வெளியே போகல. நான் கேட்ட அதே கேள்வி.

டிரான்ஸாக்‌ஷன் ஐடியோட சப்போர்ட்டுக்கு எழுதினேன். "சந்தை அபாயம் உங்களுடையது" என்றாங்க. மறுபடி கேட்டால் "லேபிள் (முகவரி யாருடையதுன்னு அவங்க ஒட்டும் பெயர்) அப்டேட்டில் இருக்கு"ன்னு பதில். மூணாவது தடவை பதிலே இல்லாமல் டிக்கெட்டை மூடிட்டாங்க. டெலிகிராம் குழுவில் கேட்டதும் என்னை நீக்கிட்டாங்க. அந்த முகவரிக்கு மட்டும் சத்தமில்லாம 'எக்ஸ்சேஞ்ச் கோல்ட் வாலட்'னு பெயர் மாத்தியாச்சு. 600 சந்தாவையாவது திருப்பித் தரலாமே? அதுவும் இல்லை.

விரிவா எழுத நினைச்சேன், முடியல. முகவரி லேபிள் பெரும்பாலும் ஊகம்தான். பிட்காயினில் அனுப்பினவருக்கே திரும்பும் மீதிச் சில்லறை அவரோட புது முகவரிக்குப் போனாலே சிலர் அதை அவுட்ஃப்ளோன்னு எண்ணிடுறாங்க. பெரிய தொகை ஒரே முகவரிக்குப் போனா கொஞ்ச நாள் அதைக் கவனிங்க. வருட சந்தா கட்டாதீங்க. அலர்ட் வந்த நிமிஷத்தில் லீவரேஜில் கை வைக்காதீங்க. 1,850 யுஎஸ்டிடி, எனக்குச் சின்னத் தொகை இல்லை.