சைக்கிள்மீது கார் மோதினால், நிரூபிக்க வேண்டியது யார்?

சந்திப்பில் திரும்பும் கார், பக்கத்தில் நேராகப் போன சைக்கிளை இடித்துவிடுகிறது. சாட்சி இல்லை, கேமராவும் இல்லை. தலையில் அடிபட்டவருக்கு அந்த நொடியே நினைவில் இல்லை. நஷ்டஈட்டை யார் தருவது? சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு: ஒன்று பிரிட்டன் முறை, மற்றொன்று நெதர்லாந்து முறை. எது சரி என்று பலருக்கும் குழப்பம்.

நிரூபிக்கும் சுமை
பிரிட்டன்: கார் ஓட்டியவரின் கவனக்குறைவை அடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.
நெதர்லாந்து: 1994 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, பொறுப்பு கார் தரப்புக்கே என்று தொடங்குகிறது. விபத்து தங்கள் கைமீறி நடந்தது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

சைக்கிள்காரர்மீதும் தவறு இருந்தால்
பிரிட்டன்: இருதரப்புத் தவறு பற்றிய 1945 சட்டப்படி அவர் தவறின் அளவுக்குத் தொகை குறையும். குழந்தை என்றால் வயதைப் பார்ப்பார்கள், ஆனாலும் குறையலாம்.
நெதர்லாந்து: 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுத் தொகை. பெரியவர்களுக்குக் குறைந்தது பாதி. வேண்டுமென்றே போய் விழுந்தாலோ, கிட்டத்தட்ட அதற்குச் சமமான அசட்டுத் துணிச்சல் காட்டினாலோ மட்டும் கதை வேறு.

ஒன்றைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். நெதர்லாந்து முறை ஓட்டுநரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. அது நஷ்டஈட்டுக்கு மட்டும். சிறைத்தண்டனை என்றால் அங்கேயும் குற்றத்தை நிரூபித்தே ஆக வேண்டும்.

தவறுக்கேற்ற பங்கு துல்லியமாகத் தெரிய வேண்டும், ஆதாரமும் கையில் இருக்கிறது என்றால் பிரிட்டன் முறை போதும். ஆனால் எலும்பு முறிவது பெரும்பாலும் சைக்கிளில் வந்தவருக்குத்தான். குழந்தைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் சாலைகளுக்கு நான் நெதர்லாந்து முறையைத்தான் கேட்பேன்.