கல்யாணப் பத்திரிகைச் சீட்டும் பிஸ்கட் டின்னும்: 20 மாதம் சொல் படித்த அனுபவம்

மகள் ஏழாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதிய பிப்ரவரி வரை, நடுவில் காய்ச்சல், திருவிழா, ஊர்ப் பயணம் போக, கிட்டத்தட்ட எல்லா நாளும் சீட்டில் சொல் எழுதிப் படித்தோம். இப்போது அந்தச் சீட்டுகளைப் போட்டு வைத்த அதே பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு மகன் உட்கார்ந்திருக்கிறான். நான் கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் ஒரு ஊரில் வீட்டிலேயே தையல் தைக்கிறவள், ஆசிரியை இல்லை. என்னைப் போலத் தனியாகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வு பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். மனத்திறன் ஒரு தாள், படிப்பறிவு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்.

இந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மாதிரித் தாள் ஒன்றை வீட்டில் எழுதச் சொன்னேன். ‘மருத்துவர் : நோயாளி, வழக்குரைஞர் : ?’ என்று ஒரு கேள்வி. விடைகளில் நீதிபதி, சாட்சி, கட்சிக்காரர், குற்றவாளி. அவள் குற்றவாளியைக் கறுப்பாக்கினாள். “கட்சிக்காரர்னா கொடி பிடிக்கிறவங்கதானேம்மா” என்றாள். உறவு என்னவென்று அவளுக்குச் சரியாகப் பிடிபட்டிருந்தது. வக்கீலிடம் வழக்கைக் கொடுப்பவருக்கும் கட்சிக்காரர் என்றுதான் பேர் என்பது மட்டும் தெரியவில்லை. அந்தத் தாள் முழுக்கத் தேடிப் பார்த்தேன். தப்பானவற்றில் பல இப்படித்தான் இருந்தன. விஷயம் தெரியும், சொல் தெரியாது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் பிரச்சினையாக இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். கடையில் ஒரு சொற்பட்டியல் புத்தகம் வாங்கி, தினமும் இருபது சொல், ஒவ்வொன்றும் ஐந்து முறை எழுது என்றேன். எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் பாதிகூட நினைவில்லை. அவள் மேல் கோபப்பட்டேன், அது தப்பு. படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே மறந்துபோகும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதியிருக்கிறார். மறப்பது பிள்ளையின் சோம்பல் இல்லை. மறக்கப் போகிற நேரத்தில் திரும்பக் கேட்காததுதான் குறை.

அதற்குத்தான் இந்தப் பெட்டி, எங்கள் வீட்டில் பிஸ்கட் டின். லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய முறை. ஒரு பெட்டியில் ஐந்து தடுப்பு. புதுச் சீட்டு முதல் தடுப்பில் போகும். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். பார்க்காமல் சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்கு நகரும். தப்பினால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பி வரும். முதல் தடுப்பை தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நாலாவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுத்தோம். தெரிந்த சொல்லுக்கு நேரம் வீணாகாது, தெரியாத சொல் தப்பித்துப் போகாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்.

சீட்டுக்குக் காசு செலவழிக்கவில்லை. வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரிகை குவியும். அட்டைப் பத்திரிகையின் எழுதாத பக்கத்தை நாலாக வெட்டினால் நல்ல கெட்டியான சீட்டு. பளபளப்பு அட்டையில் மை நிற்காது, மங்கலான அட்டைதான் சரி. அப்புறம் ஜெல் பேனா வேண்டாம். முதல் வருஷம் கார்த்திகை மழையில் ஓடு ஒழுகி, டின்னை மூடாமல் வைத்த ஒரே ராத்திரியில் அறுபது சீட்டுக்கு மேல் நீலமாகக் கரைந்துபோயிற்று. உட்கார்ந்து அழுதாள். பந்துமுனைப் பேனாவில் எழுதியவை நனைந்தும் படிக்க முடிந்தது. தேர்விலும் விடைத்தாளை நிரப்பப் பந்துமுனைப் பேனாதான், கை பழகியதாகவும் ஆயிற்று.

மழைக்குப் பிறகு இராமபாணப் பூச்சி வந்தது. டின்னுக்குள் அந்துருண்டை ஒன்று போட்டு வைத்தேன். சில வாரம் கழித்து, “உருண்டை சின்னதாயிடுச்சும்மா, தண்ணியாவும் ஆகல, எங்க போச்சு?” என்று கேட்டாள். ‘பதங்கமாதல்’ என்ற சீட்டு அந்தச் சமயம் நாலாவது முறையாக முதல் தடுப்புக்குத் திரும்பி வந்திருந்தது. ‘திடப்பொருள் திரவமாகாமல் நேரடியாக வாயுவாவது’ என்று புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதி வைத்திருந்தாள். அதை அடித்துவிட்டு, ‘டின்னில் அந்துருண்டை இளைத்தது, பூஜை மாடத்தில் கற்பூரம் இளைப்பது’ என்று எழுதினாள். அதற்கப்புறம் அந்தச் சீட்டு திரும்பி வரவே இல்லை.

அங்கேதான் எங்கள் முறை மாறியது. பொருளைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதக்கூடாது, ஊரில் பார்த்ததை எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இன்னொன்று, சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. நம் கலைச்சொற்கள் வெளியே பார்க்கத்தான் கடினம், உள்ளே இருப்பது வீட்டுச் சொல். ஒளிச்சேர்க்கையில் ஒளியும் சேர்க்கையும் இருக்கிறது. வினையூக்கி, வினையை ஊக்குவது. நெட்டலை, போகும் திசையிலேயே நெடுக அதிரும் அலை. பிரிக்கப் பழகிய பிள்ளை, பார்த்தே இராத சொல்லையும் பாதி ஊகித்துவிடும். தேர்வறையில் அந்தப் பாதி போதும், நாலு விடையில் இரண்டை ஒதுக்கிவிடலாம்.

அவள் மிகவும் திணறியது ‘இடப்பெயர்ச்சி’யில், அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் நேர்க்கோட்டில் எவ்வளவு என்பதில். தூரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று வாரம் குழம்பினாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, “ஆலங்குடிக்குக் குருப்பெயர்ச்சிக்குப் போனமே, அந்தப் பெயர்ச்சியா?” என்றார். ஆமாம், அதேதான். ஒரு இடத்தில் இருந்தது இன்னொரு இடத்துக்கு மாறுவது. ஆனால் எவ்வளவு மாறியது என்று எப்படி அளப்பது? அதற்கு எங்கள் ஆறே விடை சொன்னது.

பள்ளிக்கூடம் எதிர்க்கரையில் இருக்கிறது. எங்கள் கொல்லையில் நின்றால் அதன் மாடி தெரியும். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது கரைச் சாலையில் நடந்து, பாலம் தாண்டி, மறுகரையில் திரும்பி வர ஒன்றரை கிலோமீட்டர். கோடையில் ஆறு வறண்டு கிடந்தால் பிள்ளைகள் மணலில் இறங்கி நேரே ஏறிவிடுவார்கள், முந்நூறு மீட்டர்கூட இருக்காது. அவளைக் கொல்லையில் நிறுத்திக் கேட்டேன்: மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் பள்ளிக்கு எவ்வளவு தூரம்? ஒன்றரை. வற்றினால்? முந்நூறு. சரி, வீடும் பள்ளிக்கூடமும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்ததா? கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஓடிப்போய்ச் சீட்டில் எழுதினாள்: ‘ஆற்றில் தண்ணீர் வந்தால் தூரம் மாறும், இடப்பெயர்ச்சி மாறாது.’ கீழே அவளாகவே இன்னொரு வரி சேர்த்தாள்: ‘சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி சுழி.’ இதைவிடச் சரியாக என்னால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

சோழர் பாடத்தில் வரும் நிலத்தின் பெயர்களுக்கும் இதே வழிதான். தேவதானம் என்றால் கோயிலுக்கு விட்ட நிலம். எங்கள் பெரியப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்வதே கோயில் நிலம்தான். பிரம்மதேயம் என்றால் பிராமணர்களுக்கு விட்ட நிலம், அதற்குச் சுற்றுவட்டாரத்தில் ‘மங்கலம்’ என்று முடியும் ஊர்களை நினைவுபடுத்தினேன். பள்ளிச்சந்தம் மட்டும் நீண்ட நாள் ஏமாற்றியது, பள்ளிக்கூடத்துக்கு விட்ட நிலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே பள்ளி என்பது சமணப் பள்ளி என்று தனியாக ஒரு சீட்டு எழுத வேண்டியிருந்தது. மயில் அகவும், யானை பிளிறும், புலிக்குட்டி பறழ் என்பதெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை, இரண்டு மாதத்தில் ஐந்தாம் தடுப்புக்குப் போய்விட்டன.

நடுவில் மூன்று மாதம் போனில் ஒரு சீட்டு ஆப் பயன்படுத்திப் பார்த்தோம். எந்தச் சீட்டு எப்போது வர வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும், அது உண்மையிலேயே வசதி. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அவள் அப்பாவோடு அரிசி ஆலைக்குப் போய்விடும். ராத்திரி கிடைத்தாலும் ஐந்தாவது நிமிடம் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருக்கும். தமிழில் தட்டச்சு செய்யச் சிரமப்பட்டு, பொருளை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். கையால் எழுதும்போதுதான் முழு வாக்கியம் வந்தது. தனிப் போன் உள்ள, கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு ஆப் நன்றாக உதவும். பன்னிரண்டு வயதுக்கு டின் போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஆசையில் ஒரு நாளைக்கு இருபது சீட்டு எழுதினோம். இரண்டு வாரத்தில் முதல் தடுப்பு பிதுங்கி, பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரமாகி, அவளுக்கு டின்னைக் கண்டாலே வெறுப்பு வந்துவிட்டது. அப்புறம் தினம் ஐந்து, பரீட்சை வாரத்தில் புதுச் சீட்டே கிடையாது, பழையது மட்டும் என்று குறைத்தோம். தேர்வுக்கு முந்தைய மாதமும் அப்படியே. எண் தொடர், குறியீடு, உருவக் கணக்குக்கெல்லாம் இந்தப் பெட்டி எதுவும் செய்யாது, அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். அதைப் பள்ளி ஆசிரியை சனிக்கிழமைகளில் நடத்தினார். மகள் தேர்வானதில் அவருக்குத்தான் பெரும்பங்கு. பெட்டியால் வந்தது நேரம். கேள்வியை ஒரு தரம் படித்தால் புரிந்தது, இரண்டாம் தரம் படிக்க வேண்டியிருக்கவில்லை என்று தேர்வு முடிந்து வந்து சொன்னாள்.

இந்த ஜூனில் மகன் ஏழாவது போனான். அக்காவின் சீட்டெல்லாம் தயாராக இருக்கிறது, வேலை மிச்சம் என்று அப்படியே அவனிடம் கொடுத்தேன். ஒரு மாதம் ஓடியது. வரிகளை ஒப்பித்தான், கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழித்தான். ‘முடுக்கம்’ சீட்டில் அவள், ‘அப்பாயி வண்டி மாட்டை முடுக்குவது, மெதுவாகப் போனது வேகமாகும்’ என்று எழுதியிருந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக அந்த வண்டியில் போயிருக்கிறாள். இவன் பிறப்பதற்கு முன்பே மாட்டை விற்றாயிற்று. அவனுக்கு அந்த வரியில் என்ன இருக்கிறது?

அக்காவின் சீட்டுகளை ஒரு பையில் கட்டி மேலே வைத்துவிட்டேன். காலி டின்னும், போன ஆவணியில் வந்த பத்திரிகைக் கட்டும், கத்திரிக்கோலும் கொடுத்தேன். இதுவரை நாற்பத்தாறு சீட்டு எழுதியிருக்கிறான், கையெழுத்து கொஞ்சம் கோணல்தான். முடுக்கம் சீட்டின் பின்பக்கத்தில், ‘மாமா வண்டியை முறுக்கும்போது நான் பின்னால் சாய்வது, ஒரே வேகத்தில் போனால் சாய்வதில்லை’ என்று இருக்கிறது. நேற்று அது மூன்றாவது தடுப்புக்குப் போனது.