டயமாக்ஸா, டைகுளோர்பெனமைடா, நேரடித் திறப்பானா? தசையின் பொட்டாசியம் சேனலுக்குப் போட்டி போடும் மருந்துகள்

ராத்திரி விருந்தில் சோறும் இனிப்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தவர் விடியற்காலையில் கண் விழிக்கிறார். கால் அசையவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, தசை மட்டும் வேலைநிறுத்தம். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது, பரிசோதித்தால் 2-ஐ ஒட்டி நிற்கிறது. சில மணி நேரத்திலோ மறுநாளோ ஒன்றும் நடக்காததுபோல எழுந்து நடப்பார். பரம்பரையாக வரும் இந்த நோய்க்கு ஹைப்போகலீமிக் பீரியாடிக் பேரலிசிஸ் என்று பெயர், லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய். இதற்குக் கொடுக்கிற மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: பொட்டாசியம் சேனலை, அதாவது தசைச் செல்லின் சுவரில் பொட்டாசியம் போய்வரும் வாசலை, நேரடியாகத் திறப்பவை எல்லாம் வரிசையில் பின்னால் நிற்க, கண் அழுத்த நோய்க்கு வந்த பழைய மாத்திரைகள் முன்னால் நிற்கின்றன.

சரி, தசைக்குள் என்ன நடக்கிறது? ஓய்வில் இருக்கும் தசைநாரின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருக்கும். அங்கே பிடித்து வைக்கும் முக்கியமான ஆள் கே.ஐ.ஆர். என்ற பொட்டாசியம் சேனல் (குளோரைடு சேனலுக்கும் பெரிய பங்கு உண்டு, அதை இப்போதைக்கு ஓரமாக வைப்போம்). இந்த நோயாளிகளிடம் பழுது இருப்பது வேறு இடத்தில். பெரும்பாலானவர்களுக்குக் கால்சியம் சேனலில், சிலருக்குச் சோடியம் சேனலில், வோல்டேஜை உணரும் பகுதியில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போய், அந்த ஓட்டை வழியாக நேர்மின் அயனிகள் துளித் துளியாக உள்ளே கசிகின்றன. 2007-ல் சோடியம் சேனலில் இந்தக் கசிவை அளந்தே காட்டிவிட்டார்கள். கசிவு சின்னதுதான், பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை கே.ஐ.ஆர். சமாளித்துவிடும். ஆனால் கே.ஐ.ஆருக்கு ஒரு விசித்திர குணம்: வெளியே பொட்டாசியம் குறைந்தால் அதன் வேகமும் குறைந்துவிடும். விருந்துக்குப் பிறகு இன்சுலின் ஏறி, பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து தசைக்குள் அள்ளிப் போட, வெளியே அது குறைய, கே.ஐ.ஆர். தளர, கசிவு ஜெயித்து, தசைநார் மைனஸ் 90-லிருந்து மைனஸ் 60 பக்கம் சறுக்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்த நிலையில் சோடியம் சேனல்கள் செயலிழந்து கிடக்கும். மூளை எத்தனை தடவை ஆணையிட்டாலும் தசைக்கு எட்டாது.

கே.ஐ.ஆரை அடைத்தால் மரபணுவில் கோளாறே இல்லாதவருக்கும் முடக்கம் வரும் என்பதற்குப் பேரியம் சாட்சி. எலி மருந்தாக இருந்த பேரியம் கார்பனேட்டைத் தின்றவர்களுக்கும், சீனாவின் சிச்சுவானில் பேரியம் கலந்த உப்பைச் சாப்பிட்டு 'பா பிங்' என்ற நோய் கண்டவர்களுக்கும் இப்படித்தான் கை கால் விழுந்தது.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். முதலில் பொட்டாசியம் உப்பு. இதை யாரும் சேனல் மருந்து என்று சொல்வதில்லை, உண்மையில் இதுதான் நேரான சேனல் மருந்து: வெளியே பொட்டாசியத்தை ஏற்றினால் தூங்கிப்போன கே.ஐ.ஆர். எழுந்துகொள்கிறது. தாக்குதல் வந்த நேரத்தில் வாய்வழியாகக் கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடை எந்த மாத்திரையாலும் முந்த முடியாது. ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றால் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து ஏற்றுவது பெரிய தப்பு, குளுக்கோஸ் இன்சுலினைக் கிளப்பி பொட்டாசியத்தை மறுபடி தசைக்குள் தள்ளிவிடும், அதனால்தான் இன்சுலினைக் கிளப்பாத மானிட்டால் கரைசலைச் சொல்கிறார்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தாக்குதல் தணியும்போது தசைக்குள் போன பொட்டாசியம் தானாகத் திரும்பி வரும், அதற்கு முன் அவசரத்தில் அள்ளிக் கொடுத்திருந்தால் அளவு எகிறி இதயத்துக்கு வினையாகிவிடும். ஆக, விழுந்தவரை எழுப்ப இது அருமை. விழாமல் தடுக்க இதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து நேரடித் திறப்பான்கள், காகிதத்தில் பார்த்தால் ஆசையைக் கிளப்புகிறவை. தசையில் கே-ஏடிபி என்று இன்னொரு பொட்டாசியம் சேனல் உண்டு, சக்தி தீர்ந்துபோனால் மட்டும் திறப்பது. 1980-களின் நடுவில் தவளைத் தசையில் அது பிடிபட்டது. சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைட் கணையத்தில் மூடுகிறதே, அதே குடும்பம்தான். குரோமகாலிம், பினாசிடில் போன்றவை இதைத் திறக்கும். நோயாளிகளின் தசைத் துண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துக் குரோமகாலிம் ஊற்றினால் சுருங்கும் வலு கூடுவதை 1990-லேயே பார்த்தார்கள். பிறகு பினாசிடிலை நான்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இருவருக்குத் தசை வலு தேறியது. அப்புறம் ஏன் இந்த மருந்து நிலைக்கவில்லை? பினாசிடில் ரத்தக் கொதிப்பு மருந்து, ரத்தக் குழாய்ச் சுவரிலும் இந்தச் சேனலின் உறவினர்கள் இருப்பதால் தசையைத் திறக்கும் அளவுக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கும். மாதத்தில் இரண்டு நாள் வரும் முடக்கத்துக்காக முப்பது நாளும் தலைசுற்றலோடு யார் இருப்பார்கள்? வலிப்புக்கு 2011-ல் வந்த ரெட்டிகபின் வேறு வகைப் பொட்டாசியம் சேனலைத் திறப்பது. தோலை நீலமாக்குகிறது, விழித்திரையில் நிறமி படிகிறது என்ற புகார்களோடு 2017-ல் சந்தையை விட்டே போய்விட்டது.

இனி உண்மையான போட்டி. அசெட்டசோலமைட், நம் மருந்துக் கடையில் டயமாக்ஸ் என்று கேட்டால் கிடைப்பது, மலை ஏறுகிறவர்கள் பையில் வைத்திருப்பது. 1968-ல் இந்த நோய்க்குத் தடுப்பு மருந்தாக இது பெயர் வாங்கியபோது மருத்துவர்களே குழம்பியிருப்பார்கள், ஏனென்றால் இது சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றும் மருந்து. பொட்டாசியம் குறைந்து படுப்பவருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும் மாத்திரையா? ரத்தத்தைக் கொஞ்சம் அமிலமாக்குவதால் வேலை செய்கிறது என்பது பழைய விளக்கம். இத்தாலியில் பாரி பல்கலைக்கழகக் குழு, பொட்டாசியம் குறைத்த எலிகளின் தசையில் இது கால்சியத்தால் இயங்கும் பொட்டாசியம் சேனலைத் திறப்பதை 2000-ல் காட்டியது. கே.ஐ.ஆர். கைவிட்ட நேரத்தில் பின்வாசல் ஒன்று திறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் பிடித்திருக்கிறது, ஆனாலும் எலியில் பார்த்ததை வைத்து அமிலக் கதையை அடியோடு தள்ளிவிட முடியாது, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

டைகுளோர்பெனமைட் இதன் பங்காளி. இதுவும் 1950-களில் கண் அழுத்தத்துக்கு வந்தது, இதுவும் எலித் தசையில் அதே சேனலைத் திறக்கிறது. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் வீரியம் அதிகம்: அசெட்டசோலமைட் மாத்திரை 250 மில்லிகிராம் என்றால் இது 50. ஒழுங்கான சான்று என்று பார்த்தால் இதன் கை ஓங்கியிருக்கிறது. ஒன்பது வாரம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்கு வாரத்துக்கு 0.3 தாக்குதல், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.4. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று அங்கீகாரமும் வாங்கிவிட்டது. ஆனால் கண் மருந்தாகச் சில்லறைக் காசுக்கு விற்றது, அரிய நோய் மருந்தாகத் திரும்பி வந்தபோது அந்த நாட்டு நோயாளிகளே மலைக்கும் விலையில் வந்தது. அதே ஆய்வில் பாதிப் பேருக்குக் கை கால் விரல்களில் மரத்துப்போய் ஊசி குத்தும் உணர்வு, ஐந்தில் ஒருவருக்கு மூளை மந்தமாகிக் குழப்பம். அசெட்டசோலமைட்டிலும் ஊசி குத்தல் உண்டு, கூடவே சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், இது நோயாளிகள் சிரித்துக்கொண்டே சொல்கிற புகார். சிரிக்க முடியாதது சிறுநீரகக் கல், அது இரண்டுக்கும் பொது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் இரண்டும் வேண்டாம், அதிக அளவில் ஆஸ்பிரின் எடுப்பவருக்கு டைகுளோர்பெனமைட் கூடவே கூடாது.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட பெரிய ஆய்வு நடக்கவே இல்லை, அதனால் 'இதுதான் சிறந்தது' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். என் கணக்கில் முதலில் அசெட்டசோலமைட், ஓரிரு மாதத்தில் பலன் இல்லையென்றால் டைகுளோர்பெனமைட், அதுவும் பணமோ காப்பீடோ கைகொடுத்தால். ஆனால் மாத்திரையைவிட மரபணு முக்கியம் என்று 2011-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது: அசெட்டசோலமைட் எடுத்த 74 பேரில் 34 பேருக்குத்தான் பலன். பிரித்துப் பார்த்தால் கால்சியம் சேனல் பழுதுள்ள 55 பேரில் 31 பேர் தேறியிருக்கிறார்கள், சோடியம் சேனல் பழுதுள்ள 19 பேரில் வெறும் 3 பேர். இந்த இரண்டாவது வகையில் சிலருக்கு மாத்திரை போட்ட பிறகு முடக்கம் இன்னும் மோசமாவதும் உண்டு, சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றும் அந்தப் பழைய குணத்தை அங்கே மறக்கக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் உப்போடு, பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் அல்லது டிரையாம்டெரின் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

இதெல்லாம் பரம்பரை நோய்க்கு. நம்மூரில் 20, 30 வயது ஆண் ஒருவர் முதல் தடவை இப்படி விழுந்தால், குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால், மரபணுவுக்குப் போகும் முன் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் வரும் முடக்கம் ஆசிய ஆண்களிடம்தான் அதிகம். அவர்களில் சிலரிடம் கே.ஐ.ஆர். குடும்பச் சேனல் ஒன்றிலேயே, அதுவும் தைராய்டு ஹார்மோன் கட்டுப்படுத்தும் சேனலில், மரபணு மாற்றம் இருப்பதை 2010-ல் கண்டுபிடித்தார்கள். தைராய்டால் முடக்கம் வருகிறவர்களுக்கு அசெட்டசோலமைட் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தைராய்டு கட்டுக்குள் வரும்வரை படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை, வந்த பிறகு முடக்கமும் நின்றுவிடும், மாத்திரையும் வேண்டியதில்லை.