ரீபூட் இல்லாமல் புது டிஸ்க்: ஆறு வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

சர்வரில் புது டிஸ்க் சேர்த்தால் ஒரு ரீபூட் போட்டுவிடுவதுதான் முன்பெல்லாம் என் வழக்கம். அதற்காக டவுன்டைம் கேட்டு, எல்லாருக்கும் மெயில் அனுப்பி, நடுராத்திரி வரை விழித்திருப்பேன். ஆறு வருடமாக அந்த வேலை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரிலேயே ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்கிறேன்.

டிஸ்க்கை இணைத்ததும் முதலில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையை அடித்துப் பார்ப்பேன். மெய்நிகர் சர்வர்களில் வரும் விர்ட்ஐஓ (virtio) வகை டிஸ்க் என்றால் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும். ஸ்கஸி (SCSI) முறையில் இணைந்த டிஸ்க்தான் சில நேரம் அடம்பிடிக்கும். அப்போது சிஸ், கிளாஸ், ஸ்கஸி ஹோஸ்ட் (/sys/class/scsi_host) என்று கோப்பகங்களுக்குள் இறங்கினால் ஹோஸ்ட்0, ஹோஸ்ட்1 என வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்கேன் என்று ஒரு கோப்பு. அதில் மூன்று சிறு கோடுகளை இடைவெளி விட்டு (- - -) எழுத வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க்கின் முகவரியான சேனல், டார்கெட், லன் (LUN) மூன்றும் எதுவானாலும் சரி, தேடிப் பார் என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்வதுதான் அந்தக் கோடுகள். ஒட்டி எழுதினால் பிழை வரும். எந்த ஹோஸ்ட் என்று குழம்பாமல் ஒரு ஃபார் லூப் போட்டு எல்லாவற்றிலும் எழுதிவிடுவேன்.

நான் முதலில் முட்டிக்கொண்டது வேறு இடத்தில். அந்தக் கோடுகளை எழுத, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைப் (sudo) போட்டு எக்கோ (echo) கட்டளையை அடித்து அம்புக்குறியால் (>) கோப்புக்குத் திருப்பியும் பெர்மிஷன் டினைட் என்றே வந்தது. சூடோவின் அதிகாரம் எக்கோவோடு முடிந்துவிடுகிறது. கோப்பைத் திறப்பது நம்முடைய சாதாரண ஷெல். எக்கோவைப் பைப் செய்து, வருவதைக் கோப்பில் எழுதும் டீ (tee) கட்டளைக்கு முன்னால் சூடோவைப் போட்டதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, இருக்கும் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் இந்த ஹோஸ்ட் ஸ்கேன் உதவாது. பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்கின் டிவைஸ் கோப்பகத்தில் இருக்கும் ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுத வேண்டும். பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் வளர்ப்பது அப்புறம்.

கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபம் என்பதுதான் எனக்கு வினையானது. புதிதாக வந்த டிஸ்க்கை, கர்னல் கொடுத்த எஸ்டிசி (sdc) என்ற பெயரிலேயே, எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதிவைத்தேன். மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் இல்லை. வேறு வேலைக்காக ஒருநாள் ரீபூட் செய்தபோது எஸ்டிபியும் எஸ்டிசியும் இடம் மாறிவிட்டன. டேட்டாபேஸ் இருக்க வேண்டிய இடத்தில் பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகி உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, தன் கோப்புகளைக் காணாமல் டேட்டாபேஸ் கிளம்ப மறுத்துவிட்டது. எதையாவது எழுதித் தொலைத்திருந்தால்? அந்தப் பெயர்கள் வந்த வரிசைக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி. அடுத்த பூட்டில் வரிசை மாறலாம். அன்றிலிருந்து ஃபைல் சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி (UUID) மட்டும்தான், கூடவே டிஸ்க் வராவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் (nofail). இல்லாவிட்டால் ஒரு டேட்டா டிஸ்க் வரவில்லை என்பதற்காக சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும்.

ஃபார்மேட் செய்யும் முன் எது புது டிஸ்க் என்று உறுதி செய்ய ஒரு சின்ன வித்தை வைத்திருக்கிறேன். மெய்நிகர் சர்வரில் 100 ஜிபி கேட்டால் 101 கொடுப்பேன். ஒரே அளவில் நான்கு டிஸ்க் வரிசையாக நிற்கும்போது அந்த 101 பளிச்சென்று தெரியும். நிஜ டிஸ்க் என்றால் சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் கை வைப்பதில்லை. வைப்எஃப்எஸ் (wipefs) கட்டளையைத் தெரிவு எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் பழைய ஃபைல் சிஸ்டத்தின் தடயம் இருந்தால் காட்டும், எதையும் அழிக்காது. அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

நெட்வொர்க் வழியாகப் பல சர்வர்களுக்கு டிஸ்க் தரும் சான் (SAN) ஸ்டோரேஜில் ஒரே லன், அதாவது ஒரே டிஸ்க், நான்கு பாதையில் நான்கு டிஸ்க்காகத் தெரியும். அந்தப் பாதைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் மல்டிபாத் பெயரைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. சான் இணைப்பு முறையான ஃபைபர் சேனலில், புது டிஸ்க்கைக் கண்டுபிடிக்க லிப் (LIP) என்ற, இணைப்பை மறுபடி தொடங்கவைக்கும் சிக்னலை அனுப்பச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அது ஓடும் இணைப்பையே உலுக்கும் என்பதால் ப்ரொடக்ஷனில் நான் செய்வதில்லை.

கழற்றும்போது அன்மவுண்ட் செய்துவிட்டு அதே டிவைஸ் கோப்பகத்தில் இருக்கும் டெலீட் கோப்பில் 1 எழுதிய பிறகுதான் டிஸ்க்கை எடுப்பேன். ஒருமுறை அவசரத்தில் முதலில் உருவிவிட்டேன். கர்னல் லாக் முழுக்க ஐஓ எரர், டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) அடித்தால் திரும்பி வராமல் தொங்கியது. அன்றைக்கு ரீபூட்தான்.