டெல்டா மருத்துவருக்குப் புற்றுநோய் உயிரியல் ஆய்வுப் பயிற்சி: எந்த வழி எதைத் தரும்?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பணிபுரியும் அறுவை மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் கன்னத்தின் உட்புறத்தில் புண்ணோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறார்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீடு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒரே பழக்கமுள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் வாயில் தோன்றிய வெண்படலம் புற்றாக மாறுவது ஏன் என்பதை மூலக்கூறு அளவில் ஆராய்ந்தால்தான் அறிய முடியும். அந்தக் கேள்வியை எழுப்பும் வாய்ப்பு நோயாளியின் வாயைத் திறந்து பார்ப்பவருக்கே முதலில் கிடைக்கிறது. அதை ஆய்வாக வளர்க்கும் பயிற்சி அவருக்கு எங்கே கிடைக்கும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இணையவழிப் படிப்புகள் எளிதில் கைக்கு எட்டுபவை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உயிரி மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பை முதுநிலை மாணவர்களும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் கட்டாயம் முடிக்க வேண்டியிருப்பதால், பலர் அதை ஏற்கெனவே அறிவார்கள். ஆய்வு வடிவமைப்பு, புள்ளியியல், நெறிமுறை ஆகியவற்றை அது நன்றாகவே கற்பிக்கிறது. ஆனால் உயிரணுவைப் பற்றிய படிப்பு அதன் நோக்கம் அன்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றி நடத்திவந்த டிரேக்கோ என்னும் தொடர் விரிவுரை அந்தக் குறையை நிரப்புகிறது. ஒரே புற்றுநோயைப் பற்றி ஆய்வாளரும் மருத்துவரும் அதில் பேசுவதால், மருத்துவம் மட்டும் படித்தவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அங்கு மாலையில் நடக்கும் வகுப்பு இங்கு நள்ளிரவைத் தாண்டிவிடும் என்பதால் பதிவுகளைப் பார்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது. எனினும், திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைக் கையில் எடுக்காமல் எவரும் ஆய்வகம் கற்றதில்லை.

உண்மையான போட்டி அடுத்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான் இருக்கிறது. ஒன்று, பன்னாட்டுப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் வழங்குவது போன்ற குறுகிய கால நல்கையில் (நிதியுதவியில்) வெளிநாட்டு ஆய்வகத்தில் சில வாரங்கள் தங்கிக் கற்பது. மற்றொன்று, பணியில் இருந்தபடியே அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வது. முதலாவதன் வலிமை அதன் கூர்மை. ஒரே ஒரு நுட்பத்தை, அதைத் தினமும் செய்பவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு திரும்பலாம். ஆனால் நம் நோயாளியின் திசுவை உடன் எடுத்துச்செல்ல நினைத்தால், வெளிநாட்டுக் கூட்டாய்வுகளைப் பரிசீலிக்கும் மத்திய அரசுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது வருவதற்குள் நல்கைக் காலம் முடிந்துவிடலாம். மேலும், கற்ற நுட்பத்துக்கு உரிய கருவி ஊரில் இல்லையென்றால் பயிற்சி சான்றிதழோடு நின்றுவிடும்.

பகுதி நேர முனைவர் பட்டம் மெதுவானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டுகளும், வழக்கமான உச்சவரம்பாக 6 ஆண்டுகளும் ஆகும். பணியிடத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. ஆனாலும் டெல்டாவுக்கு இதுவே பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவாரூரை அடுத்த நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் என உயிர் அறிவியல் துறைகள் பேருந்துத் தொலைவிலேயே உள்ளன. அவர்களிடம் ஆய்வகம் இருக்கிறது. மருத்துவரிடம் திசுவும் நோய் வரலாறும் இருக்கின்றன. இவை இணையும்போது மருத்துவர் முதலில் கற்பது தம் அறுவை அரங்கின் குறையைத்தான். வெட்டியெடுத்த கட்டி எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தது, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பவை முடிவையே மாற்றும்; எடுத்துக்காட்டாக, மார்பகத் திசு ஃபார்மலினில் இருக்க 6 முதல் 72 மணி நேரம் என்பது ஏற்கப்பட்ட வரம்பு. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ மூலக்கூறின் ஆய்வுக்கோ திசுவை உடனே உறையவைக்க வேண்டும். இதைப் பழகிய ஒரு மருத்துவர் இருந்தால், அந்த மருத்துவமனையின் திசு பிற ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

முழுநேர வழிகள் சிலருக்கே பொருந்தும். நவி மும்பையின் கார்கரில் உள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆய்வு நிலையத்தில் கிடைக்கும் ஆழம் இங்கே கிடைக்காது. ஆனால் பணியையும் ஊரையும் பல ஆண்டுகள் விட்டிருக்க வேண்டும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் நிதி தரும் அமைப்பான, மருத்துவர்களுக்கென்றே தனி ஆய்வு நல்கை வைத்துள்ள இந்தியா அலையன்ஸ் ஊதியமும் ஆய்வுச் செலவும் தருகிறது. போட்டி கடுமையானது என்பதால், முன் ஆய்வுத் தரவு ஏதுமின்றி விண்ணப்பிப்பது வீண் முயற்சியாகவே முடியும். எனவே பகுதி நேர ஆய்வில் இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்தவர், கையில் தம் சொந்தத் தரவோடு இதை நாடுவதே முறை. குறுகிய வெளிநாட்டுப் பயணமும் அந்தக் கட்டத்தில்தான் முழுப் பலன் தரும், ஏனெனில் எந்த நுட்பம் தமக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

சென்னைக்கே போய்ப் பயிலலாமே என்று சிலர் கேட்கலாம். அங்கே அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954 முதல் இயங்கி வருகிறது. உழவன் விரைவு ரயிலில் இரவு ஏறினால் காலையில் சென்னை சென்றுவிடலாம். முதுநிலைப் படிப்பை இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப்போகும் இளம் மருத்துவருக்கு அது நல்ல இடம். குடும்பமும் புறநோயாளிப் பிரிவும் உள்ளவரால் வாரந்தோறும் அங்கே போய்வர இயலாது.

பதிவு செய்யும் முன் நெறியாளரின் ஆய்வகத்தை நேரில் பார்த்துவிட வேண்டும். உயிரணு வளர்ப்பு அங்கே அன்றாடம் நடக்கிறதா, முந்தைய மாணவர் எத்தனை ஆண்டுகளில் முடித்தார் என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குத் தனி ஜெனரேட்டர் உண்டா என்பதையும் அவசியம் கேட்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்படியொரு வாரத்தில் உறைபெட்டி நின்றுபோனால், பல ஆண்டுகள் சேர்த்த திசு மாதிரிகள் ஆய்வுக்கு உதவாமல் போய்விடும்.