மூணாம் நம்பர் டின்னா, ஆரஞ்சு பாக்கெட்டா: இரண்டு மாத பால் பரீட்சை

மகளுக்கு ஒரு வயது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, பால் பவுடர் டின் காலி. அடுத்தது வாங்க மருந்துக்கடைக்குப் போனால், "பாப்பாவுக்கு ஒரு வயசாச்சா? அப்போ மூணாம் நம்பர்" என்று கேட்காமலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால் பவுடருக்கு நம் நாட்டில் விளம்பரமே செய்யக்கூடாது, 1992-லேயே சட்டம் வந்து 2003-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். டிவியில் வராவிட்டால் என்ன, கல்லாவில் இருக்கும் அண்ணன் போதும்.

வாங்கியும் விட்டேன். அடுத்த நாள் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல என்ன பால் வாங்குறீங்க?" ஆவின் என்றேன். "அதையே கொடுங்க. நீலம் வேண்டாம், பச்சையோ ஆரஞ்சோ பார்த்து வாங்குங்க."

நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. இத்தனை வருடமாகக் காபிக்கு எது கெட்டியாக வரும் என்று மட்டும்தான் அந்த நிறங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வயது வரை மூளை வளர்கிற வேகத்துக்குக் கொழுப்பில் கை வைக்கக்கூடாது என்பது டாக்டர் கணக்கு. பச்சை எங்கள் தெருக் கடையில் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது, அதனால் ஆரஞ்சு என்று முடிவானது. அரை லிட்டர் 30 ரூபாய். 400 கிராம் டின்னைக் கரைத்தால் மொத்தமே மூன்று லிட்டர் பால்தான் வரும், எங்களுக்கு ஆறு நாளைக்குக் காணும். அந்த மூன்று லிட்டர் ஆரஞ்சு பாக்கெட்டில் 180 ரூபாய். டின் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிறவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

டின்னைக் குறை சொல்லிவிட முடியாது, அதில் இரும்புச்சத்து சேர்க்கிறார்கள், சாப்பிடவே அடம்பிடிக்கிற குழந்தைக்கு டாக்டரே தொடரச் சொல்லக்கூடும். எங்கள் வீட்டு அம்மணி இட்லி, பருப்பு சாதம், முட்டை எல்லாம் ஒரு கை பார்க்கிறவள், அவளுக்குத் தேவையில்லை.

முதல் நாள் பாலாடையில் இரண்டு மடக்கு கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள், விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, அப்புறம் மெதுவாக உதட்டோரமாக வழியவிட்டாள். கழுத்து மடிப்பு வரை போய்விட்டது. பவுடர் பாலின் தித்திப்புக்கும் வாசனைக்கும் பழகின நாக்கு, காய்ச்சின பாலின் வாடை பிடிக்காதது அவள் தப்பில்லை. சரி என்று கலந்து கொடுக்க ஆரம்பித்தோம். வழக்கமான 180 மில்லி பாட்டிலில் 150 பவுடர் பால், 30 மாட்டுப்பால். மூன்று நாளைக்கு ஒரு தடவை 30 மில்லி கூட்டிக்கொண்டே போனோம், மூன்று வாரத்துக்குள் முழுக்க மாட்டுப்பால். இதில் ஒன்று கவனம். பவுடரை எப்போதும்போல் தண்ணீரில் அளவாகக் கரைத்து முடித்த பிறகுதான் அதில் பாலைச் சேர்க்க வேண்டும். எதிர்வீட்டில் சத்து கூடட்டும் என்று பவுடரை நேராகப் பாலிலேயே போட்டுக் கலக்கினார்கள், குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது தேவையில்லாத பாரம்.

அத்தை, அதாவது என் மாமியார், நேர் எதிர்க்கட்சி. "பச்சக் குழந்தைக்கு இவ்ளோ கெட்டியா? பாதிக்குப் பாதி தண்ணி விடும்மா, சளி கட்டும்." நான் வேலைக்குப் போன நாளெல்லாம் வீட்டில் தண்ணீர்ப்பால்தான் ஓடியது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பாக்கெட் தீரவே மாட்டேன் என்கிறதே என்று யோசித்தபோது. தண்ணீர் விட்டால் வயிறு நிரம்பும், சத்து பாதியாகும், அவ்வளவுதான். நான் சொன்னால் சண்டை. அடுத்த முறை டாக்டரிடம் அத்தையையே கூட்டிக்கொண்டு போனேன், பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் நான் செய்த தப்பு அதைவிடப் பெரிது. பால் பிடித்துப்போனதும் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். ஒரு நாளைக்கு 700 மில்லி வரை போயிருக்கும். சாதத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள், மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, போனபோது அழுத அழுகையில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்தார்கள். பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம், மற்ற சாப்பாட்டிலிருந்து உடம்பு இரும்பை எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும், ஒரு நாளைக்கு 400, மிஞ்சிப்போனால் 500 மில்லி, தயிரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அளவைக் குறைத்த நாலாம் நாள் தட்டை அவளே இழுத்து வைத்துச் சாப்பிட்டாள்.

இனி பாலே ஆகாத குழந்தைகள் விஷயம். என் அக்கா பையனுக்கு மாட்டுப்பால் புரதம் ஒவ்வாமை. வாயைச் சுற்றித் தடிப்பு, மலத்தில் ரத்தம். அவனுக்காக சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டிகளில் பாதியை வாங்கிப் பார்த்திருக்கிறோம், அதனால் சொல்ல உரிமை உண்டு.

பாதாம் பானம்: பெட்டி அழகு, உள்ளே தண்ணீர். 100 மில்லிக்குப் பசும்பாலில் 3 கிராமுக்குமேல் புரதம் என்றால் இதில் ஒரு கிராமைத் தொடுவதே பெரிய பாடு. பெரியவர்கள் குடிக்கலாம், ஒரு வயதுக் குழந்தைக்குப் பாலுக்குப் பதில் இது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓட்ஸ் பானமும் கிட்டத்தட்ட இதே ஜாதி. தேங்காய்ப்பால் ஆப்பத்துக்கு.

சோயாதான் புரதத்தில் பாலுக்குப் பக்கத்தில் வருகிறது. அதிலும் கால்சியம் சேர்த்தது, சர்க்கரை சேர்க்காதது என்று பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து எடுக்க வேண்டும். அக்கா முதலில் வாங்கியது வெனிலா போட்டது. பையன் உறிஞ்சித் தள்ளினான், எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பாயசம். அப்புறம் சர்க்கரை இல்லாததற்கு அவனை இறக்கிக் கொண்டுவர ஒரு மாதம் பிடித்தது. இன்னொன்று, மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்கு சோயாவும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். "ஆட்டுப்பால் கொடு" என்று ஊரில் ஒரு பாட்டி கட்டாயம் சொல்வார். ஆட்டுப்பால் புரதமும் ஏறக்குறைய அதே மாதிரிதான், ஒவ்வாமைக்கு அது மருந்தில்லை. கடையில் தேடும்போது பால் என்ற பெயரைத் தேடாதீர்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கண்டித்த பிறகு இவற்றில் பலவும் பானம் என்றுதான் வருகின்றன.

கால்சியத்துக்கு அக்கா நம்பியிருப்பது பெட்டியைவிடக் கேழ்வரகைத்தான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து கூழாகக் காய்ச்சி, ஒரு துண்டு வாழைப்பழம் மசித்துப் போட்டுக் கொடுக்கிறாள். வேலை அதிகம், பாத்திரத்தில் அடிப்பிடிக்கும், ஆனால் பையன் திடமாக இருக்கிறான்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் ஆரஞ்சு பாக்கெட்டுக்குப் பத்துக்கு எட்டு. இரண்டு குறைத்தது, காய்ச்சி ஆறினதும் மேலே கம்பளி மாதிரி ஆடை கட்டிக்கொள்கிறது, வடிகட்ட மறந்தால் அவளுக்குக் குமட்டல் வந்துவிடும். சர்க்கரை இல்லாத சோயாவுக்கு ஆறு, பாதாமுக்கு ஒன்று, அதுவும் பெட்டிக்காக.

பகலில் இப்போது எவர்சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறாள், பாதி சட்டைக்கு. ராத்திரி பாட்டில் மட்டும் இன்னும் விடவில்லை, பல் சொத்தையாகும் என்று தெரிந்தும் பதினோரு மணிக்குத் தெம்பில்லாமல் கொடுத்துவிடுகிறேன். அந்த மூணாம் நம்பர் டின்னில் கொஞ்சம் மிச்சம். திறந்து ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது, குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்று தூக்கிப்போடப் போனேன், அத்தை பிடுங்கிக்கொண்டார். சாயங்காலக் காபியில் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்கிறார். நானும் ஒரு நாள் குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.