டேஷ்கேமுக்கு கரண்ட்: சாக்கெட்டா, ஓபிடியா, ஃபியூஸ் டாப்பா?

டேஷ்கேம் வாங்கும்போது படம் எவ்வளவு தெளிவு, இரவில் நம்பர் பிளேட் தெரியுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. வயரிங்கில் முதல்முறை கை வைப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எது சரிவரும் என்பது ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்: வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் கேமரா ஓட வேண்டுமா?

வேண்டாம் என்றால் லைட்டர் சாக்கெட்டே போதும். பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் அதில் கரண்ட் நின்றுவிடும்; பேட்டரியைப் பற்றிக் கவலை இல்லை. கேமரா இழுப்பது 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுதான். சிக்கல் வேறு இடத்தில். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது தளர்ந்த ப்ளக் ஒரு நொடி தொடர்பு விட்டாலும் கேமரா அணைந்து மறுபடி எழும். பதிவு தேவைப்படுவதே அந்த மாதிரி நொடியில்தான்! போன் சார்ஜருக்கும் இடம் போய்விடும்.

ஓபிடி, அதாவது மெக்கானிக் ஸ்கேனர் செருகிக் கோளாறு பார்க்கும் போர்ட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் கேபிள், பார்க்க ரொம்ப சுலபம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் போர்ட்டில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அதன் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும், சாவி இல்லாவிட்டாலும். கேபிளில் வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் வசதி இல்லை என்றால் வாங்கவே வேண்டாம். கிளட்ச் மிதிக்கும் காலில் இடிக்கும் இடத்தில் போர்ட் இருக்கும் வண்டிகளும் உண்டு. சர்வீஸில் ஸ்கேனர் போட ஒவ்வொரு முறையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

என் ஓட்டு ஃபியூஸ் டாப்புக்கு. எந்த வயரையும் வெட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு கிளை எடுக்கும் சின்னத் துண்டு அது. பழைய ஃபியூஸைப் பிடுங்கி டாப்பின் ஒரு பள்ளத்தில் வைத்து, பக்கத்துப் பள்ளத்தில் கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, முழுசாகப் பெட்டியில் செருக வேண்டும். மினி, லோ-புரொஃபைல் மினி, மைக்ரோ2 என்று அளவுகள் வேறு வேறு. கடைக்குப் போகும்போது உங்கள் ஃபியூஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

எந்த ஃபியூஸ் என்பதில் கவனம் வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பக்கமே போகாதீர்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் பவர் சாக்கெட் ஃபியூஸ் நல்ல தேர்வு. கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் தெரிந்துவிடும். பலர் டாப்பைத் திருப்பிச் செருகிவிடுகிறார்கள். அப்படிச் செருகினாலும் கேமரா ஓடும், ஆனால் அதன் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சரிபார்க்க எளிய வழி: டாப்பில் இருக்கும் பழைய ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டுச் சாவி போடுங்கள். கேமரா ஓடினால் சரி. ஓடாவிட்டால் டாப்பைத் திருப்பிப் போடுங்கள். கேமராவை டாப்போடு இணைக்கும் வயர் கிட்டில் உள்ள கறுப்பு வயரை (எர்த்) பெயின்ட் இல்லாத வெறும் இரும்பைத் தொடும் போல்ட்டில் இறுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டெஸ்ட் பார்க்கும்போது மட்டும் மாட்டுங்கள். பல வண்டிகளில் 10 எம்எம் ஸ்பேனர் போதும்.

கிட்டில் மஞ்சள் வயரும் இருந்தால் அது பார்க்கிங் மோடுக்கானது (வண்டி நிற்கும்போதும் கேமரா ஓடுவது), எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸில் போக வேண்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல். சின்ன ஹேட்ச்பேக் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. வெள்ளிக்கிழமை நிறுத்திய வண்டியை திங்கட்கிழமை எடுப்பவருக்கு, பேட்டரியும் பழசாக இருந்தால், தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். கட்-ஆஃப் வோல்டேஜை (கேமராவுக்குக் கரண்ட் துண்டிக்கப்படும் அளவை) 12.2க்குக் கீழே வைக்காதீர்கள், 11.8 என்பது ஏறக்குறைய காலியான பேட்டரி. தினமும் ஓடும் வண்டி, தெருவோரப் பார்க்கிங் என்றால் மஞ்சள் வயருக்கு அர்த்தம் இருக்கிறது. வீட்டு கேட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு எதற்கு?

எந்த வழியானாலும் கேபிள் முன் தூண் வழியாகத்தான் இறங்கும். கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடியோரம் விரியும் பை) உள்ள வண்டியில் கேபிள் அந்தப் பைக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் பை விரியும்போது தடுக்கும், இல்லை கேபிள் முகத்தில் அடிக்கும்.

நாலாவது வழி கடைகளில் நடப்பது: ஸ்டீரியோ வயரைக் கிள்ளி, முறுக்கி, டேப் சுற்றுவது. அஞ்சு நிமிட வேலை, மலிவு. நம்ம ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகிப் பிசுபிசுத்து, சுற்று தானாகக் கழன்றுவிடும். வாரண்டி கேட்டுப் போனால், வெட்டிய வயரைக் காட்டி சர்வீஸ் சென்டர் கையை விரிக்கவும் வாய்ப்பு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு கார் கடைகளில் கொடுத்து மாட்டுவதானாலும் ஃபியூஸ் டாப்பை நீங்களே வாங்கிப் போய், "அண்ணே, வயரை வெட்டாம இதுல குடுங்க" என்று பக்கத்தில் நின்றே முடித்துக்கொள்ளுங்கள்.